ஒரே கணக்கில் இரண்டு பேர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. கணினி நிரல்களைச் சேமித்து வைக்கும் ஓர் இணையதளத்தின் உதவி மையத்தில் வேலை பார்ப்பவர் எனக்குச் சொன்னது. (இது பொய். மூன்றாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “பதில் வராத வீட்டின் மௌனத்துக்கு ஒரு...” வேண்டாம். இப்படித் தொடங்குகிறவனை எனக்கே பிடிக்காது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர் அக்கா, ஒரு தம்பி. இருவருக்கும் நிரல் எழுதுவதுதான் பிழைப்பு. அப்பாவுக்கு மறதி கூடியபோது, வேளாவேளைக்குக் கைபேசியில் மணியடித்து மாத்திரையை நினைவூட்டும் சின்ன நிரல் ஒன்றைச் சேர்ந்து எழுதினார்கள். அந்தத் தளத்தில் இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். நமக்குள் எதற்கு இரண்டு என்றான் தம்பி. யார் எதைச் செய்தாலும் தளம் ஒரே பெயரில்தான் பதிந்துகொள்ளும். வெளியாள் யாராவது அங்கே ஏதாவது எழுதினால், இருவர் கைபேசிக்கும் மின்னஞ்சல் வந்துவிடும்.

யாரோ மாற்றிய ஒரு வரியால் மாலை மணி அடிக்காமல் போனது. மூன்று மாலைகள். நான்காம் நாள் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை இன்னும் சரியாகவில்லை.

“நீதான் அதுல கை வெச்சிருப்ப” என்றான் தம்பி, மருத்துவமனைத் தாழ்வாரத்தில், நாலு பேர் காதுபட. அவள் மறுக்கவில்லை. செய்திருப்போம் என்று அவளே நம்பிவிட்டாள். அப்பா இருப்பது தம்பி வீட்டில். அங்கே அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். நிரலையும் திறப்பதில்லை.

2

அக்கா உதவி மையத்தை அழைக்கிறாள்.

“மெயில் வரமாட்டேங்குது சார். என் தம்பி எழுதியிருப்பான்.”

“ஸ்பேம்ல பாத்தீங்களா?”

“பாத்துட்டேன். ஃபில்டர் எதுவும் போடல. முகவரியும் சரியாதான் இருக்கு.”

“அறிவிப்ப நிறுத்தி வெச்சிருக்கீங்களா?”

“இல்ல. மத்தவங்க எழுதினா வருது. அவன் எழுதினா மட்டும் வரல.”

“அவர் எந்தக் கணக்குலேர்ந்து எழுதுறார்?”

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான்.”

ஊழியர் கணக்கைத் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப வராதும்மா. நாம எழுதினத நமக்கே அது அனுப்பாது. அதுக்கு நீங்களும் அவரும் ஒரே ஆள்.”

(இந்த ஊழியர்மேல் எனக்குச் சந்தேகம்: வேலை நேரத்தில் யாருக்கு இவ்வளவு பொறுமை? அக்காமேல் அதைவிடப் பெரிய சந்தேகம். திட்டு வாங்கிப் போனவள் அவள். தம்பி எழுதியிருப்பான் என்று அவள் ஏன் இவ்வளவு உறுதியாக நம்ப வேண்டும்?)

3

திருத்தம். உதவி மையத்தைக் கேட்டது அவளில்லை, நான். அந்தத் தம்பி நான்தான்.

பதினோரு வாரங்களுக்கு முன் தளத்தின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். அந்த வரி மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அப்போது அக்கா பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். கூட்டிப் போனவன் நான். வெளியே காத்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல், மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை மாற்றியவனும் நான்.

உடனே அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: “அக்கா, தப்பு உன்னோடது இல்ல. என்னோடது. அப்பா உன்னக் கேக்கறார். வா.”

பதில் இல்லை. மன்னிக்க அவளுக்கு மனமில்லை என்று முடிவு கட்டினேன். கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல். அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று யோசிக்க எனக்குப் பத்து வாரம் ஆனது. இருவருக்கும் வர வேண்டிய மின்னஞ்சல் என் கைபேசிக்கும் வந்திருக்கவில்லை. ஸ்பேமைத் துழாவினேன், முகவரியைச் சோதித்தேன், கடைசியில் உதவி மையத்தைக் கேட்டேன். அதை அப்படியே அவள் வாயில் வைத்து எழுதினேன். அவள் என்னைத் தேடுவதாக ஒருமுறையாவது எழுதிப் பார்க்க ஆசை.

அவளோ, அப்பாவின் கை தன்னால் போனது என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

4

முடிவுகள் இரண்டு யோசித்தேன்.

நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். (இரண்டு பேருந்து மாற வேண்டும், அவ்வளவுதான். இதுவரை ஏன் போகவில்லை என்றால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல, தொலைபேசியில் சொல்லக்கூட, எனக்குத் துணிச்சல் இல்லை.)

அவள் தற்செயலாகத் தளத்தைத் திறந்து பார்க்கிறாள். (சோம்பேறி எழுதுகிற முடிவு.)

இன்று காலை என் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கினேன். அதே நான்கு வாக்கியங்களை அதில் ஒட்டி, அவளைக் குறிப்பிட்டு வைத்திருக்கிறேன். தளத்துக்கு இது வேறு ஆள்; இதிலிருந்து அனுப்பினால் அவளுக்கு மின்னஞ்சல் போகும். போய்ச் சேரவில்லை என்ற சாக்கு இனி எனக்குக் கிடையாது. இன்னும் அனுப்பவில்லை. திரையில் பக்கத்துச் சன்னலில் இந்தக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த அறையிலிருந்து அப்பா கேட்கிறார். இப்போதெல்லாம் பேச்சு கொஞ்சம் குழறும்.

“அக்காவுக்கு... எழுதினியாடா?”

“எழுதிட்டிருக்கேம்ப்பா.”

பொய் இல்லை. எழுதியதையே அனுப்பியதாக எண்ணிக்கொண்டு பத்து வாரம் இருந்தவன் நான். இந்தக் கதைக்கு ஒரு முடிவை எழுதிவிட்டால், அதேபோல் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன். ஆகவே எழுதவில்லை. நீங்களும் எனக்காக அதை எழுதிவிடாதீர்கள்.