ஓசிச் சாமான்

புதன்கிழமை காலை ஷஹனாஸின் லேப்டாப் தமிழை விட்டுவிட்டது. என் மனைவிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை லேப்டாப் வாசிக்க, காதால் கேட்டு வேலை பார்ப்பாள். அன்று அப்டேட் போட்டதும் ஆங்கிலத்தைக் கடகடவென்று வாசித்தது; தமிழ் வந்தால் மட்டும் கப்சிப். அவள் ஆபீஸில் பார்ப்பதோ தமிழில் வரும் மனுக்களை. அதிகாரி நல்ல மனுஷர்தான். "ஏம்மா சிரமப்படுறீங்க? சும்மா உக்காந்திருங்க, பக்கத்து சீட்டு டோமினிக் பாத்துக்குவாரு" என்றாராம். பாலக்கரை வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுப் பையைத் தொப்பென்று போட்டாள். வருடக்கணக்கில் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. சும்மா உட்காரவா?

எனக்கு வந்ததே கோபம். "அப்பவே சொன்னேன்ல, காசு குடுத்து வாங்குன்னு! லினக்ஸ் லினக்ஸ்னு ஓசிச் சாமானைக் கட்டிக்கிட்டு அழுவுற. இப்ப எவன் சட்டையப் பிடிப்ப?"

"யார் சட்டையையும் பிடிக்க வேணாம் மச்சான். லினக்ஸ் சாஃப்ட்வேரை உலகம் பூரா ஆளுங்க காசு வாங்காம எழுதுறாங்க, அதுல யார் வேணா திருத்தலாம். அவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கேன், யாராச்சும் பாப்பாங்க."

யாராச்சும்! சிங்காரத்தோப்பில் செல்போன் கடை வைத்திருப்பவன் நான். காசு வாங்கிய கம்பெனியே பதில் சொல்லாத கூத்தைத் தினமும் பார்க்கிறேன்.

மறுநாளே பதில் வந்தது. பிரேசிலில் யாரோ ஒருவர். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதாம். இவள் உச்சரித்து அனுப்ப, அவர் திருத்த, இவள் மறுபடி குறை சொல்ல, இப்படியே போனது. ஞாயிறு காலை வீடியோ காலில் வந்தார். அங்கே நள்ளிரவு. திரை முழுக்கக் கறுப்பு.

"கேமராவ ஆன் பண்ணச் சொல்லு" என்றேன்.

"ஆன்லதான் இருக்கும். லைட் போட்டிருக்க மாட்டாரு." சிரித்தாள். "அவருக்கும் கண்ணு தெரியாது மச்சான். எதுக்கு லைட்டு?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த இருட்டுக்குள்ளிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் லேப்டாப் வாய் திறந்தது: "ஐயா, எங்கள் தெருவில் குடிநீர் வரவில்லை." யா அல்லாஹ்! ஷஹனாஸ் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் இந்த வாசிக்கிற புரோகிராம் முழுசையும் புதுசா எழுதப் போறாங்களாம். அதுல தமிழ் விட்டுப்போகாம பாத்துக்க ஆள் இல்லையாம். அதுக்கு நான் இருப்பேனான்னு கேக்குறாரு."

சம்பளம் எவ்வளவு என்று கேட்க வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

ஷஹனாஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். தலையை ஆட்டினாள், அழுத்தமாக, ஒருமுறைக்கு இருமுறை. அதைப் பார்த்தது நான் ஒருவன்தான். கறுப்புத் திரைக்குள் அவர் பதிலுக்காக இன்னும் காத்திருந்தார்.