காலில்லாத கதிரை

மகளின் கலியாணப் பேச்சை முறித்துக்கொண்டு வரப்போன குகநாதன், ஹவுன்ஸ்லோவில் ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டு வரவேற்பறையில் வசமாக மாட்டிக்கொண்டார். மாட்டவைத்தது அவர் போய் உட்கார்ந்த ஒரு கதிரை.

வாயைத் திறந்து மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். சம்பந்தம் பேசப் போன இடத்தில் கை நனைக்காமல் எழும்பி வந்துவிட்டால் விஷயம் அவர்களுக்குத் தானாக விளங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். மகள் சயந்தினியும், "அங்கை தண்ணிகூடக் குடிச்சுப்போடாதேங்கோ அப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் துளியும் விருப்பமில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா மிலானில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். பழைய இத்தாலியத் தளபாடங்களை வாங்கி விற்கிறார். வீடும் கடைமாதிரித்தான். சலவைக்கல்லில் ஊன்றிய உருக்குத் தண்டு ஒன்று கூரைவரை வளைந்து வந்து, குகநாதனின் வழுக்கைக்கு நேர்மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவரை இருத்தியதோ சட்டமும் காலும் இல்லாத ஒரு தோல் மூட்டையில். உள்ளே முழுக்கக் குறுணி மணிகள். அறுபதுகளில் இத்தாலியர் செய்ததாம். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மனிதனுக்குக் கட்டளை போடாத கதிரை, முழுச் சுதந்திரம் என்று வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டே போனார். அந்தச் சுதந்திரத்துக்குள் குகநாதன் இடுப்புவரை புதைந்திருந்தார். மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட அவர் மகன் யனுஷன் சுவரோரம் நின்றான்.

குசினியில் தட்டுச் சத்தம் கேட்டது. எழும்பப் பார்த்தார், மூட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது. பக்கவாட்டில் சரிந்து பார்த்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்ததுதான் மிச்சம். கை ஊன்ற ஒரு பிடியாவது வைத்தார்களா, பாவிகள். வியர்த்துக் கொட்டியது. அதற்குள் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி வத்சலா வந்து, சிரித்த முகத்தோடு பயித்தம்பணியாரத் தட்டை நீட்டினார்.

ஒன்றை எடுத்து வாயில் வைத்தால் மகளின் வாழ்க்கை முடிந்தது.

"மச்சான், சயந்தினிக்கு விருப்பமில்லை," என்றார் குகநாதன், தட்டைப் பார்த்தபடியே.

வத்சலா தட்டோடு உள்ளே போனார். ஸ்ரீஸ்கந்தராஜா யன்னலைப் பார்த்தார். மறுத்தவன் அடுத்த நிமிடம் வாசலைத் தாண்டவேண்டும், அதுதான் மரியாதை. குகநாதனோ விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்த ஆமைபோலக் கிடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசியில் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"தம்பி, ஒருக்கா கை தாரும். எனக்கு எழும்ப ஏலாமல் கிடக்கு."

யனுஷன் குனிந்து, இரண்டு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்கி நிறுத்தினான். "பாத்து, மாமா," என்றான். பிடியை விடாமல் கதவுவரை கூட்டிவந்தான். சப்பாத்தையும் அவனே எடுத்து வைத்தான். நல்ல பிள்ளை. அதைத்தான் குகநாதனால் தாங்க முடியவில்லை.