உள்ளே குடியிருந்தவை

மருந்துச் செடிகளின் இலை, தண்டு, வேர் இவற்றுக்குள் குடியிருக்கும் நல்ல கிருமிகளைப் பிரித்தெடுப்பதுதான் அவள் வேலை. அவற்றால் செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. வேர் நன்றாகப் பிடிக்க உதவுவதும், அழுகல் நோய் அண்டாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். வாடகை தராத குடித்தனக்காரர்கள், ஆனால் வீட்டைக் காவல் காப்பவர்கள் என்று அவள் எல்லோருக்கும் விளக்குவாள். "வாடகை கேக்காத வீட்டுக்காரர் எங்க இருக்காரு சொல்லு, நாளைக்கே மாறிடலாம்," என்பான் அவள் கணவன். அவளுக்கு அவன் வைத்த பெயர் கிருமிக்காரி.

அவன் பஸ் டிரைவர். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கற்பூரவல்லி வைத்திருந்தான். கண் சொக்கினால் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்துக்கொள்வான். பயணிகள் சிரித்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு இலை கொடுப்பான். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ரத்தத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, அவன் கேட்ட முதல் கேள்வி வண்டி ஓட்டலாமா என்பதுதான்.

டிப்போவிலிருந்து அந்த டப்பாவை யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இனி மண்ணும் செடியும் வீட்டில் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தூக்கி எறிய மனம் வரவில்லை. நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். ஸ்பிரிட்டில் முக்கினாள், பிளீச்சிங் தண்ணீரில் முக்கினாள், கொதித்து ஆறிய நீரில் திரும்பத் திரும்ப அலசினாள். கண்ணாடி சீசா ஒன்றில் மண்ணுக்குப் பதிலாகச் சத்துக் கலந்த ஜெல்லி ஊற்றி, அதில் கொழுந்தை நட்டு மூடினாள். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டை, கிருமி இருந்தால் புள்ளியாக முளைத்துக் காட்டும் தட்டில் பூசிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. கொழுந்து வேர்விட்டு, குட்டி குட்டியாக இலைவிட்டு அலமாரியில் நின்றது.

மருந்து ஏற்றியபின் அவனுக்கு வெள்ளணுக்கள் அடியோடு இறங்கிப்போயின. நோய் மருந்துக்கு அடங்குகிறது, வெள்ளணு ஏறும்வரை காய்ச்சல் வராமல் காப்பாற்றிவிட்டால் ஆள் தப்பித்துவிடுவார் என்றார் டாக்டர். பச்சைக் காய்கறி வேண்டாம், பூ வேண்டாம், தொட்டிச்செடி வேண்டவே வேண்டாம் என்றார். அவளுக்கா இதைச் சொல்லித் தரவேண்டும்? வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவன் அறைப்பக்கம் போனாள். கதவுக் கைப்பிடி, ரிமோட், அவன் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்தாள். அவனுடைய அக்கா ஒருநாள் தம்பிக்கென்று இலைச்சாறு அரைத்து எடுத்துவந்தபோது வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"பச்ச இலதானே. அதுல என்ன விஷமா இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"விஷம் இல்ல அண்ணி, உயிரு இருக்கு. அவருக்கு இப்ப அதுதான் ஆகாது."

"என்னமோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசற."

"எனக்குத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான் அண்ணி."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

இவ்வளவு கெடுபிடி பண்ணினவள், அடுத்த வாரமே தன் கையால் அந்த அறைக்குள் ஒரு செடியைக் கொண்டுபோய் வைத்தாள். அதற்கு அவன்தான் காரணம். எதை மோந்தாலும் இரும்பு வாடை அடிக்கிறது என்றான். சோறு, சோப்பு, தலையணை எல்லாம் இரும்பு.

"நீகூட இரும்புதான்," என்று சிரித்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "கண்ணுக்குப் பச்சையா ஒண்ணாவது இருந்தா நல்லாருக்கும்," என்றான்.

இரண்டாவது சொன்னதுதான் அவள் மனசைப் பிசைந்தது. மறுநாளே சீசாவைக் கொண்டுவந்தாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள்.

"பாக்க மட்டும்தான். தொறக்கக் கூடாது."

"உத்தரவு, கிருமிக்காரி."

தட்டில் ஒன்றும் முளைக்காதது, இலையின் மேல்புறம் சுத்தம் என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே இருப்பவை ஸ்பிரிட்டுக்கும் தப்பும். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்துவிட்டு ஒருநாள் வெளியே எட்டிப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்குத் தன் வீட்டு வாசலில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. புருஷன் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு எந்த நினைவு வரும்? அவனும் கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தான். வழக்கத்தைவிட இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, போர்வைக்குள் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் துணிமணிகளை எடுத்து வைக்கும்போது சீசா கண்ணில் பட்டது. டேப்பைப் பிய்த்துத் திரும்பக் கோணலாக ஒட்டியிருந்தது. தண்டின் அடியில், தெளிவாக இருந்த ஜெல்லியில், பால் கலந்த மாதிரி ஒரு கலங்கல். இலைகளில் ஒன்றைக் காணோம். சீசாவைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக் கட்டிலில் அவனைக் கிடத்தி, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாத்தனாரும் ஓடிவந்து கால்மாட்டில் நின்றாள். மனைவி அவன் முகத்தருகே குனிந்தாள்.

"தொறந்தீங்களா?"

மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி விழித்தான். "வாசனைக்குத்தான். ஒரே ஒரு தடவன்னுதான் நெனச்சேன். அப்புறம் தெனமும்... அந்த இரும்பு வாடை கொஞ்ச நேரம் போச்சு."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாயா அலைஞ்சு காப்பாத்தினேன். எல்லாத்தையும் பாழாக்கிட்டீங்களே. உங்களுக்கு நீங்களே குழி தோண்டிக்கிட்டீங்க!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அந்தக் கோபத்தில் முக்கால்வாசி அவள் மேலேயே இருந்த கோபம். சீசாவைக் கொண்டுவந்து வைத்தது யார்? ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எதிரே கிடக்கிறவன் மேல் கொட்டுவது சுலபமாக இருந்தது.

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். "என் தப்புதான். உன்னத்தான் எல்லாரும் திட்டுவாங்க. நான் அடம்பிடிச்சதாலதான் கொண்டாந்தேன்னு சொல்லிடு."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் மூச்சு முட்டுகிறது என்று தொண்டையில் குழாய் போட்டு, மயக்க மருந்தும் கொடுத்துவிட்டார்கள்.

சீசாவை டாக்டரிடம் நீட்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிருமி எது என்று தெரிந்தால் சரியான மருந்து கொடுக்கலாமே என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை. டாக்டர் அதையும் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன்பின் அவளும் நாத்தனாரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இலைச்சாற்றைத் திருப்பி அனுப்பினாயே, நீ கொண்டுவந்தது மட்டும் என்ன என்று நாத்தனார் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தேவலை. அவளோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "ஒரு வாய் குடி," என்று நீட்டிக்கொண்டே இருந்தாள்.

முடிவு வந்ததும் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரத்தத்துல இருந்தது குடல்ல இருக்கிற கிருமிம்மா. உங்க வயித்துல, என் வயித்துல, எல்லார் வயித்துலயும் இருக்கறதுதான். வெள்ளணு இல்லாதப்ப குடலத் தாண்டி ரத்தத்துல கலந்துடும். சீசாவுல இருந்தது வேற ஜாதி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நல்லா பாத்தீங்களா டாக்டர்?"

"ரெண்டு தடவ பாக்கச் சொன்னேன். அந்தச் செடி வீட்டுக்கே வராம இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். அவர் ஒரு தப்பும் பண்ணல, நீங்களும் பண்ணல." சற்றுத் தயங்கிவிட்டு, "ஆனா மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது. சிறுநீரகமும் நின்னுபோச்சு. மனசத் தேத்திக்குங்க," என்றார்.

அந்தப் பாழாய்ப்போன மனசு, கடைசியில் சொன்னதைக் காதில் வாங்குவதற்கு முன்னால், அப்பாடா என்று ஒரு மூச்சுவிட்டது. தன் கையால் சாகவில்லை. அந்த ஒரு மூச்சுக்காக அவள் பிறகு தன்னை எவ்வளவோ திட்டிக்கொண்டாள். ஏனென்றால் அடுத்த நொடியே, அவசரப் பிரிவில் கணவன் சொன்னது காதில் ஒலித்தது. என் தப்புதான் என்றானே. அதை நம்பிக்கொண்டல்லவா மயக்கத்துக்குப் போனான்!

ஓடினாள். நர்ஸ் மாட்டிவிட்ட நீல அங்கியின் முடிச்சைக்கூடப் போடவிடாமல் கட்டிலருகே போனாள். முகம் வீங்கி, வாயோரம் குழாயை ஒட்டிய பிளாஸ்திரியோடு கிடந்தான்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் பண்ணலங்க. செடியில இருந்தது இல்லையாம். தொறந்ததால வரலையாம். டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் தெரியாம கத்திட்டேன். கேக்குதா? உங்க மேல தப்பே இல்லங்க."

மிஷின் அவன் மார்பைத் தூக்கி இறக்கியது. அவள் இன்னொரு காதுப்பக்கம் போய் இன்னும் சத்தமாகச் சொன்னாள். கையை எடுத்து இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கை அவள் கையைப் பிடிக்கவில்லை. மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று நர்ஸ் மெதுவாக அவளை வெளியே கூட்டிவந்தாள்.

நாற்காலியிலிருந்து நாத்தனார் எழுந்து நின்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"தம்பிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி."

"கேட்டானா?"

மறுநாள் விடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். கடைசிவரை அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.