இடப்பக்கம்

ராய்ஸ் ஐந்தரைக்கு எழுந்தான். காபி போட்டான். ஏழு குதிரைகளுக்கும் புல் போட்டு, தண்ணீர் பார்த்து, சாணம் அள்ளி முடிக்க ஏழரை ஆனது. பாப்பியைக் கடைசியாக வெளியே கொண்டுவந்தான். முன்கால்களில் பட்டை கட்டினான். சேணத்தை ஏற்றி வாரை இறுக்கினான்.

பாப்பி மூன்று வயதுப் பெண்குதிரை. நவம்பர் கடைசியில் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும், குதிரையை ஓரிடத்திலேயே வேகமாகச் சுழலவைத்துக் காட்டும் ரெயினிங் போட்டிக்காக ராய்ஸின் மனைவி ஷெல்பி பழக்கியது. ஷெல்பி இறந்து எட்டு வாரம் ஆகிறது. குதிரையின் உரிமையில் பாதி அவள் அக்கா ஜோடியுடையது. குதிரை இங்கே இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஜோடி இன்று குதிரை ஏற்றும் வண்டியோடு வந்து வேலியோரம் நின்றாள்.

ராய்ஸ் ஏறி உட்கார்ந்தான். வலப்பக்கம் நான்கு சுற்று. உள்பக்கப் பின்கால் ஆணி அடித்ததுபோல ஓரிடத்தில் நின்றது. இடப்பக்கம் திருப்பினான். மூன்றாவது எட்டில், இடது முன்காலுக்கு முன்னால் தாண்ட வேண்டிய வலது முன்கால் பின்னால் போனது. எலும்பில் எலும்பு மோதிய சத்தம். பாப்பி தலையைத் தூக்கிக் குதித்தது.

"என்னப்பா இது? சுடுமணல்ல கோழி நடக்கிற மாதிரி இருக்கு?" என்றாள் ஜோடி.

"வலப்பக்கம் நல்லாத்தானே சுத்துது."

"அதை மட்டும் பாத்துட்டு நடுவர் வீட்டுக்குப் போயிடுவாராக்கும்."

ராய்ஸ் குதிரையை வேலியருகே நிறுத்தினான்.

"ஷெல்பிதான் அவசரப்பட்டிருப்பா," என்றாள் ஜோடி. "சைக்கிள் ஓட்டக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே கையை விட்டு ஓட்டிப் பல்லை உடைச்சுக்கிட்டவதானே. போகட்டும். அவ கெடுத்ததை நீ சரி பண்ணிடுவே. பாப்பி உன்கிட்டயே இருக்கட்டும்."

பக்கத்துப் பண்ணைக்காரரும் கால்நடை மருத்துவரும் அப்படித்தான் நினைத்தார்கள். எட்டு வாரமாக அவன் மறுத்ததில்லை. இப்போதும் தலையாட்டினால் போதும், குதிரை அவனோடு இருக்கும்.

"அவ கெடுக்கல, ஜோடி. நான்தான்."

ஷெல்பி மாதக்கணக்காக ஒன்றையேதான் செய்தாள். சிறு வட்டத்தில் நடை. வட்டம் சுருங்கிச் சுருங்கி, கால் இரண்டு முறை சுத்தமாகத் தாண்டியதும் கடிவாளத்தைத் தளர்த்தி, நேராக நடக்க விடுவாள். வேகம் கேட்டதே இல்லை. குதிரை வளர்ப்பைக் கல்லூரியில் படித்த ராய்ஸுக்கு அது வீண் தாமதமாகப்பட்டது. எட்டு வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, கேட்காமல் பாப்பிமேல் ஏறினான். இடப்பக்கம் வேகமாகச் சுற்றவைத்துக் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். நாலாவது சுற்றில் கால் மோதியது. இன்னும் வேகம் கொடுத்தால் தானாகச் சரியாகும் என்று காலணியின் குதிமுள்ளால் அழுத்தினான். மறுபடி மோதியது. அதற்குப் பிறகு குதிரைக்குத் தன் காலே பயம்.

"அவ பாத்தாளா?"

"வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னா. கையில வண்டிச் சாவி."

"கத்தியிருப்பாளே."

"கத்தல."

ஜோடி போய் வண்டியின் பின்கதவைத் திறந்தாள்.

"டல்சாவுல குதிரை பழக்குற ஒருத்தர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அங்கயே போகட்டும், ராய்ஸ்."

"சரி."

அவனே சேணத்தைக் கழற்றி, பாப்பியை வண்டியில் ஏற்றிக் கட்டினான். ஜோடி என்ஜினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

"எங்க அம்மாகிட்ட என்னமோ சொன்னியே. ஷெல்பி கிளம்பும்போது உன்னை ரொம்பப் பிடிக்கும்னு சொல்லிட்டுப் போனான்னு. நிஜமா?"

"இல்ல."

"பின்ன?"

ஷெல்பி அன்று வேறொன்றைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போனாள். போகும் வழியில் அவள் தானிய லாரியில் மோதி இறந்த நேரத்தில் அவன் இன்னமும் குதிரைமேல்தான் இருந்தான். அதை முதலில் சொன்னான். பிறகு அவள் சொன்னதைச் சொன்னான்.

"இறங்கிடு ராய்ஸ். பாப்பியைச் சும்மா கொஞ்ச நேரம் நடக்க விடு. சாயங்காலம் நான் வந்து பாத்துக்கிறேன்."