தலைகீழ் அன்னங்கள்

பிள்ளையார்பாளையத்து டீக்கடைக் கரும்பலகையில் வெள்ளிதோறும் ஊரில் ஒருவரைக் கிண்டலடித்து எழுதியவர் என் அப்பா சபாபதி. அவர் போனபின் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினேன். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் தலைவாரிக்கொண்டு கேமரா முன் வந்து, தங்களைப் பற்றிய வரிகளை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். மனுஷர்களுக்கு ரோஷம் வேண்டாமா?

எதிர்வீட்டு நெசவாளர் குமரகுரு மட்டும் முறைத்தார்.

“முப்பது வருசம்மா! என்னைப் பத்தி ஒரு வரி எழுதல உங்கப்பா.”

“நீங்கதான் ஒரு தப்பும் பண்ணலையே, மாமா.”

“பண்ணேன்மா! வேணும்னே ஒரு பட்டுப்பொடவைல அன்னத்தையெல்லாம் தலைகீழா நெய்து வாசல்ல மாட்னேன். பாத்துக்கினே போனாரு. எழுதல.”

கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிட்டேன். திரையில் எல்லோரும் நேராக உட்கார்ந்து பேசினார்கள். குமரகுரு மட்டும், நான் வேண்டுமென்றே கவிழ்த்து வைத்த காட்சியில், தலைகீழாகத் தொங்கியபடி பேசினார். மண்டபமே கழுத்தைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தது.

அவர் விருட்டென்று எழுந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“நிறுத்துமா,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்னை மறுபடியும் போடு. என் பொண்டாட்டி இப்பதான் உள்ள வர்றா.”