சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சை

மற்றவர்கள் ஓராண்டு இழுக்கும் விமானி உரிமத்தை ஏழே வாரத்தில் வாங்கக் கிளம்பியவள் நான். தொழிற்சாலையில் அதற்கு மேல் விடுப்பு கிடையாது. காலையில் ஒரு பறப்பு, மாலையில் ஒன்று, இடையில் தலைவலி. அன்று வெள்ளிக்கிழமை, இறுதித் தேர்வு. தோற்றால் திங்களன்று பழைய காமினியாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணினிச் சிப் சோதிக்க உட்கார வேண்டியதுதான்.

என் கணவர் மோகனராஜ் பினாங்கின் ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எந்தப் புது வண்டியும் அவர் வாசலைத் தாண்டியதில்லை. அன்று என் கையிலும் ஒன்றைத் திணித்தார். நானும் புத்தி கெட்டுப்போய், யாரும் பார்க்காதபோது அதை விமானத்தின் முன்சக்கரத்தடியில் வைத்துவிட்டேன்.

தேர்வாளர் கேப்டன் அப்துல் ஹமீது நம் பினாங்குத் தமிழர். நான் விமானத்தைச் சுற்றிச் சோதித்து முடித்ததும் அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தரையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் எஞ்சின் விசிறி அதை இழுத்து வீசிவிடும் என்பது முதல் நாள் பாடம். அருகில் நின்ற மெக்கானிக்கிடம், இது யார் வேலை என்று கேட்டார்.

"நான்தான் கேப்டன் வச்சேன். அவர் மேல தப்பு இல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சின் இன்னும் ஓடல. ஓடியிருந்தா உன் டெஸ்ட் இங்கயே முடிஞ்சிருக்கும்லா. எடுத்துப் பாக்கெட்ல போடு. மறுபடி முதல்லேர்ந்து சுத்திப் பாரு."

தீவின் மேற்கே பாலிக் புலாவ் மேலே மூவாயிரம் அடியில் பறக்கும்போது, கேப்டன் எஞ்சின் வேகத்தை அடியோடு குறைத்தார். எஞ்சின் நின்றதாக வைத்துக்கொள், எங்கே இறங்குவாய் என்றார். வயல்வெளியைக் காட்டி, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினேன்.

இரைச்சல் அடங்கியது. இதைப் பயிற்சியில் பத்துத் தடவை செய்திருக்கிறேன். இருந்த அவசரத்தில் கருவிகளின் முள்ளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அன்றுதான் வெளியே பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத காற்று, ஒரு டன் கனத்தை ஏந்திக்கொண்டு மெல்ல இறக்கியது. மலைக்கு அப்பால் பாலம், இந்தப் பக்கம் கரையே தெரியாத கடல். நாற்பது வருஷம் சந்து சந்தாக அலைந்த தீவு ஒரே பார்வைக்குள் அடங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது. கைக்குத்தான் வேலை இருந்தது.

வயல் நெருங்கியதும், போதும், ஏறு என்றார். தரையிறங்கிய பின் தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். பாஸ்.

விமான நிலைய வாசலில் மோகனராஜ் காத்திருந்தார். அவருடைய முதல் கேள்வி, "பழம் நசுங்குச்சா?"

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். "மூவாயிரம் அடி போயிட்டு வந்திருக்கு."

எந்தப் பழத்தையும் நசுக்காமல் விடாத மனுஷன், அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.