கை அளவு

“சார் இருக்காருங்களா?” என்று கேட்டார் கூரியர்காரர்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு வாசலில் நின்றாள். இந்தக் கேள்விக்கு இரண்டரை மாதமாக அவளிடம் பதில் இல்லை. இருக்கிறார் என்று சொல்ல வாய் வராது. இல்லை என்று சொல்ல இன்னும் காகிதம் வரவில்லை. “நான் அவர் வீட்டுக்காரிதான், குடுங்க” என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். முழ நீளத்துக்குக் குறைவான அட்டைப்பெட்டி. கைக்கு வந்ததும் லேசாகத் தாழ்ந்தது, அந்த அளவுக்கு உள்ளே கனம். மேலே கணவனின் பெயர், இந்த வீட்டு முகவரி. எல்லாம் சரியாக இருந்தன.

அவன் குடிநீர் வாரியத்தில் பம்ப் மெக்கானிக். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், கூடாரத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுவான். அப்படித்தான் ஒரு எட்டாம் தேதி போனான். ஆற்றோரம் கூடாரம் கட்டியது கட்டியபடி நின்றது. உள்ளே பை, மடிக்காத படுக்கை, ஒற்றைச் செருப்பு. பத்து நாள் தேடினார்கள். தேடுவோருக்குக் கொடுத்த தாளில் அவளே எழுதினாள்: ‘இடக்கைப் பழக்கம். இடது மோதிர விரலில் மேல் கணு இல்லை.’ ஒன்பது வருடத்துக்கு முன் பம்ப் பெல்ட் கொண்டுபோன கணு அது. இருபதாம் தேதி சாயங்காலம் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, இந்த ஆறு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதும்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பது அவள் வேலை. மயிரிழை கூடினாலும் லென்ஸ் உட்காராது, குறைந்தாலும் நிற்காது. உட்காராததை அழுத்தினால் உடையும் என்பதைப் பதினாறு வருடமாகப் பார்த்தவளுக்கு, நடந்ததோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. வருகிற திங்கட்கிழமை மரணச் சான்றிதழ் மனுவில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாள். ஏற்றுக்கொள்ளாதவள் நாத்தனார்தான். அவனுக்கு அக்கா. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவுக்கு மேற்பார்வை. கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். அவளுக்குத் தம்பி எங்கேயோ அடிபட்டு, புத்தி பேதலித்து, யார் வீட்டிலோ இருக்கிறான். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வருவான்.

சாயங்காலம் நாத்தனார் வந்த பிறகுதான் இருவருமாகப் பெட்டியைப் பிரித்தார்கள்.

கத்தி.

மடக்குகிற கத்தி இல்லை. அலகும் பிடியும் ஒரே எஃகுத் துண்டு. அந்த எஃகு பிடியின் கடைசிவரை ஓட, இரண்டு பக்கமும் கருத்த மரம் வைத்து மூன்று ஆணியில் இறுக்கியிருந்தார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி. தோல் உறையிலிருந்து அதை உருவியபோது, மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது போல ஒரு சத்தம் வந்தது. புது எண்ணெய் வாசனை. முதுகு அவள் சுண்டுவிரலில் பாதித் தடிமன், அங்கிருந்து இறங்கி இறங்கி வாய்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் முடிந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். மழுங்கிய கத்தியின் விளிம்பில் வெளிச்சம் வெள்ளையாக உட்காரும். இதில் வெளிச்சம் உட்காரவே இல்லை. பார்சல் நூலின் மேல் சும்மா வைத்தாள். அறுத்தது கையில் தெரியவில்லை, காதிலும் விழவில்லை. நூல் இரண்டாகக் கிடந்தது.

“வீட்ல ஒரு தக்காளி வெட்டச் சொன்னா கையை வெட்டிக்கிட்டு வந்து நிப்பான். துரைக்கு இப்படி ஒரு கத்தி கேக்குது பாரு” என்று நாத்தனார் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது. “போறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சிருக்கான், இப்பத்தான் செஞ்சு முடிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும்டீ. சாகப்போறவனா இதெல்லாம் சொல்லி வைப்பான்?”

அவள் பிடியைப் பிடித்துப் பார்த்தாள். விரல்களுக்குப் பள்ளம் வைத்த பிடி. வலது கையில் எப்படித் திருப்பினாலும் ஒட்டவில்லை. இடது கைக்கு மாற்றினாள். அவள் கைக்கு அது பெரிசு, இருந்தாலும் பள்ளங்கள் தாமாக வந்து விரல்களை ஏந்திக்கொண்டன. ஒரு பொருளைப் பிடித்திருப்பதாகத் தோன்றவில்லை. யாரோ கை கொடுத்ததைப் பிடித்திருப்பது போல இருந்தது. சட்டென்று மேசையில் வைத்துவிட்டாள்.

உறைக்கு அடியில் ஒரு சீட்டு. பட்டறையின் முகவரி, கீழே பேனாவில் எழுதியது. நாத்தனார்தான் வாய்விட்டுப் படித்தாள்: “இடக்கை. உறையும் இடப்பக்கம். ஆர்டர்காரர் நேரில் வந்து அளவு கொடுத்தது. தேதி இருபத்தொண்ணு.”

“எந்த மாசம்?” என்றாள் அவள்.

நாத்தனார் சீட்டைத் தள்ளிப் பிடித்து மறுபடி படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேடுவதை நிறுத்திய மறுநாள் அது.

இரண்டு பேருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனாருக்குச் சந்தோஷத்தில், அவளுக்கு வேறு எதிலோ. உயிரோடு இருக்கிறவன், அக்காவும் பெண்டாட்டியும் ஆற்றங்கரையில் புரண்டு கிடந்தபோது, கத்திக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தானா? அப்படிப்பட்டவன் இல்லையே. சீட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டபோது ஒரு குரல், “ஃபோன்ல என்னங்க சொல்றது, நேர்ல வாங்க” என்று வைத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்தார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் கன்னத்தில் ஒன்று வைப்பதா, இல்லை முதலில் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு வைப்பதா என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

பட்டறை ஒரு சரக்குக் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரையோடு இருந்தது. சாணைச் சக்கரம், தோல் துண்டுகள், வரிசையாக மாட்டிய அரங்கள். ஒரு சுவர் முழுக்க ஆணியில் குத்திய காகிதங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கையின் கோடு. காற்று வரும்போது அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் அசைந்தன. பட்டறைக்காரர் வயதானவர் இல்லை. எழுந்து, பொடி படிந்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவள் நீட்டிய கத்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“கை நல்லா பொருந்துச்சுங்களா?”

நாத்தனார் தம்பியின் படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். “இவன்தானே வந்தது? நல்லா பாத்துச் சொல்லுங்க.”

அவர் மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “மூஞ்சி எனக்கு ஞாபகம் நிக்கறதில்லைங்க. கையைப் பாத்தா சொல்லிடுவேன். இருங்க.” சுவரிலிருந்து ஒரு காகிதத்தை உருவிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார்.

அவன் கை. சந்தேகமே இல்லை. வெளிப்பக்கம் வளைந்த கட்டை விரல், ஒருக்களித்துப் படுத்திருக்கும் சுண்டுவிரல், அகலமான உள்ளங்கை. காகிதம் முழுக்கத் தண்ணீரில் நனைந்து காய்ந்தது போல நெளிந்திருந்தது.

“பேப்பரைப் பாக்கறீங்களா? அவர் கை அப்படி ஈரமா இருந்துச்சு. சில்லுனு வேற. வெளியில மழைங்களான்னு கேட்டேன், இல்லைன்னாரு. துடைச்சுக்கத் துணி குடுத்தேன். துடைச்சாரு. மறுபடி ஈரம். அவருக்கே சங்கடமாப் போச்சு போல, சிரிச்சாரு. நல்ல மனுஷன்.”

“அண்ணி” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். நாத்தனாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு மோதிர விரலில் ஏறி, நுனிவரை போய், வளைந்து திரும்பியிருந்தது. நடு விரலுக்குச் சற்றே குறைந்த, முழு விரல்.

“இந்த விரல்…” நாத்தனார் காகிதத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இந்த விரல் முழுசா இருந்துச்சா?”

“அஞ்சும் முழுசுதாங்க. ஒரு கணு குறைஞ்சாலும் பிடி மாறிப்போயிடுமே. கத்தியில பாருங்க, நாலு பள்ளமும் ஒரே கணக்கா வச்சிருக்கேன்.”

நாத்தனார் காகிதத்தை மேசையில் தள்ளிவிட்டாள். பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிவந்த அவள் இல்லை இவள். வெளுக்கப் போட்ட துணி மாதிரி முகம் வெளிறிவிட்டது. “வா, போலாம். அவனில்லை இது. வேற யாரோ.”

“யாரோன்னா, நம்ம வீட்டு அட்ரஸ் எப்படி அண்ணி?”

“எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கிளம்பு.”

பட்டறைக்காரர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்க. இன்னொரு கத்தி பாக்கி இருக்கே, அதைப் பத்திப் பேச வந்தீங்கன்னு நெனச்சேன். சின்னது. அதுக்கு அளவு குடுக்க ஆள் வரலைங்க. அவரே பென்சில் வாங்கி, யோசிச்சு யோசிச்சு வரைஞ்சாரு. பாக்காம கை வரையறது சாதாரணம் இல்லை. எனக்கே வராது.”

அந்தக் காகிதத்தையும் கொண்டுவந்து வைத்தார். சிறிய கை, வலது கை. ஆள்காட்டி விரலின் முதல் கணு உள்ளே ஒடுங்கியிருந்தது. பதினாறு வருடம் லென்ஸை அழுத்திப் பிடித்துத் தேய்ந்த விரல் அப்படித்தான் இருக்கும். அதைக் கடையில் யாரும் கவனித்ததில்லை, நாத்தனாருக்கும் தெரியாது. படுக்கையில் அவள் கையைத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, அந்த ஒடுக்கத்தைத் தடவியபடியே தூங்கிப்போகிற ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவள் வலது கையை விரித்துக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

லென்ஸ் ஃபிரேமில் உட்காரும்போது ஒரு சின்ன ‘டக்’ கேட்கும். அதற்குப் பிறகு ஆட்டினாலும் ஆடாது. கை அப்படி உட்கார்ந்தது. கோடு எங்கேயும் வெளியே தெரியவில்லை, எங்கேயும் உள்ளே போகவில்லை. இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக, யாரோ தன்னைச் சரியாகத் தொட்டது போல அவளுக்கு இருந்தது. பயமும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

“கையை எடு” என்றாள் நாத்தனார். “எடுடீ. சொல்றேன்ல?”

“அலகு ஆயிடுச்சுங்க. மரம் வச்சு இறுக்கணும், உறை தைக்கணும், அவ்ளோதான்” என்றார் பட்டறைக்காரர். “இதையும் வீட்டுக்கே அனுப்பிடவான்னு கேட்டேன். வேணாம்னாரு. ‘அவங்களே நேர்ல வருவாங்க, வாங்கிக்கிட்டு என்கிட்ட வந்துடுவாங்க’ன்னாரு.”

“எங்க வரணும்னு சொன்னாரா?” என்றாள் அவள்.

“நான் கேக்கலைங்க. உங்களுக்குத் தெரிஞ்ச இடமாத்தானே இருக்கும்?”

சாணைச் சக்கரத்துப் பெல்ட் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நாத்தனார் தம்பி பெண்டாட்டியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் நம்பிக்கையை மூட்டை மூட்டையாகச் சுமந்தவள், இப்போது கெஞ்சினாள்: “திங்கட்கிழமை போயி கையெழுத்தைப் போட்டுடலாம்டீ. நானே கூட வரேன். அவன் போயிட்டான். போயிட்டான்னே இருக்கட்டும்.” பிறகு பட்டறைக்காரரிடம் திரும்பி, “அதை நிறுத்திடுங்க. எங்களுக்கு வேண்டாம்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. கை உங்களுது.”

அவள் காகிதத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். நாத்தனாரின் பிடி முழங்கையில் இறுகிக்கொண்டே இருந்தது.

“முடிங்க” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, கத்தி இருந்த பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் தரையில் வைத்திருந்தாள். வைத்திருந்தாளே தவிர, கால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொண்டாள். வெயில் சாய்ந்து உள்ளே வந்தது. பாதி வழியில், பக்கத்தில் இருந்தவள் தன் வலது கையை மடியில் மலர்த்தி வைத்தபோதுதான் இருவருமே அதைக் கவனித்தார்கள். ஒவ்வொரு விரலின் ஓரத்திலும், ஏறி இறங்கி ஏறி, பென்சில் கரி சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. நாத்தனார் கைக்குட்டையை எடுத்துப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

நனைந்த துணி இருவருக்கும் நடுவில் நீண்டபடி நின்று, சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கை மடியிலேயே கிடந்தது. விரல்கள் மட்டும், கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளைந்துகொண்டிருந்தன.